எறும்பு தின்னும் கோலம்: கலையும் வாழிடமும் சேர்ந்த நிலவடிவமைப்பு, ஓர் எளிய அறிமுகம்

விடியற்காலையில் வாசல் தெளித்து அரிசிமாவில் இழைத்த கோலம் ஒன்பது மணிக்குள் ஓரங்களில் கலைந்துவிடும். எறும்புகள் சாரைசாரையாக வந்து மாவைத் தூக்கிச் சென்றிருக்கும். எறும்பு விட்டதை அணிலோ குருவியோ வந்து கொத்திப் பார்க்கும். இன்று கடையில் வாங்கும் கோலப்பொடி பெரும்பாலும் வெள்ளைக்கல்லை அரைத்த மாவு. அதே புள்ளி, அதே இழை, அதே அழகு; மாலைவரை கலையாமல் இருப்பது கூடுதல் வசதி. ஆனால் ஓர் எறும்புக்குக்கூட அதில் இரை கிடையாது. இந்த இரண்டு கோலங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இக்கட்டுரையின் பொருள். வாசலுக்குப் பதிலாக ஒரு தோட்டத்தையோ பள்ளி வளாகத்தையோ ஊர்க்குளத்தின் கரையையோ வைத்துப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான்.

நிலவடிவமைப்பு என்பது நர்சரிக்காரர்கள் 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று சொல்லும் வேலை. மண்ணை மேடுபள்ளமாகத் திருத்தி, பாதை போட்டு, நீர் நிற்குமிடமும் ஓடுமிடமும் தீர்மானித்து, செடி மரங்களை வைத்து, ஒரு நிலத்துக்கு ஒரு தோற்றத்தைக் கொடுப்பது. அதோடு கலையும் வாழிடமும் சேரும்போது எதிர்பார்ப்பு சற்றுக் கூடுகிறது. அந்த இடம் மனிதர் நின்று பார்க்கும்படி இருக்கவேண்டும். பறவை, பூச்சி, ஓணான், தவளை முதலியவை அங்கே உண்டு, ஒளிந்து, இனம் பெருக்கவும் முடியவேண்டும். இவ்விரண்டையும் ஒரே அமைப்பே செய்யவேண்டும். ஒரு மூலையில் சிலை, இன்னொரு மூலையில் நாலு மரம் என்று பங்குபிரித்து வைப்பதை இந்தப் பெயரால் அழைப்பதில்லை. சிலையே பல்லிக்கு வீடாக இருந்தால், பாதையின் வளைவே மழைநீரைத் தேக்கினால், அப்போது அழைக்கலாம்.

'நீடித்த' என்ற சொல்லை இத்துறையில் அடிக்கடி கேட்கலாம். அதன் பொருள் எளியது: அமைத்தவர் கையை எடுத்த பிறகும் அந்த இடம் பிழைத்திருக்கவேண்டும். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில் கொரியன் புல் விரித்த ஒரு புல்தரையை நினைத்துப் பாருங்கள். தினமும் ஆழ்குழாய்த் தண்ணீர், மாதம் இருமுறை இயந்திர வெட்டு, அவ்வப்போது உரம், பூச்சிமருந்து. ஒரு கோடை இவற்றில் எதை விட்டாலும் பழுப்பேறிவிடும். இவ்வளவு ஊட்டியும் அதில் மேயும் பூச்சியும் இல்லை, அந்தப் பூச்சியைத் தேடி வரும் குருவியும் இல்லை. குழந்தைகள் விளையாட ஒரு துண்டுப் புல்தரை இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. வளாகம் முழுவதையும் அதுவாக்குவது கல்மாவில் தெரு அடைக்கக் கோலம் போடுவதைப் போன்றது.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் "எந்தச் செடி வைக்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் "இது எந்த நிலம்?" என்ற கேள்வி இருக்கிறது. தமிழில் இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடை உண்டு. திணை என்ற பகுப்பில் நிலத்தோடு அதன் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில், பறை, யாழ் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று ஒரே கட்டாகத் தொல்காப்பியம் சொல்கிறது. மரமும் பறவையும் இருக்கும் அதே பட்டியலில் பறையும் யாழும் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு நிலத்தின் உயிர்களும் அந்த நிலத்தின் கலையும் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் புதிய துறையாகக் கற்பிக்கப்படும் ஒரு சிந்தனை நமக்குப் பள்ளிப் பாடத்தில் மனப்பாடப் பகுதியாக வந்து, மதிப்பெண்ணோடு முடிந்துவிட்டது.

திருநெல்வேலிச் சீமையில் ஐந்து திணையையும் ஒரு பகல் பயணத்துக்குள் பார்த்துவிடலாம். மேற்கே பொதிகையில் குறிஞ்சி. அடிவாரத்துப் புதர்க்காடுகளில் முல்லை. தாமிரபரணி பாய்ந்து கார், பிசானம் என்ற இரு பருவ நெல்லும் விளையும் வயல்களில் மருதம். உவரி, கூத்தங்குழி பக்கம் நெய்தல். திசையன்விளை, உடன்குடி பக்கத்துச் செம்மணல் தேரியில் பாலை. அம்பாசமுத்திரத்தில் வாய்க்காலுக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்கு நீர்மருது, இலுப்பை, நாவல், புங்கை, தாழை எல்லாம் ஏற்கெனவே அந்த மண்ணின் மரங்கள். மானூர் பக்கத்துக் கரிசலில் அதே நீர்மருதை வைத்துத் தண்ணீர் ஊற்றி மாளாது. அங்கே கருவேலமும் வேம்பும் ஆத்தியும் நிற்கும். தேரியில் பனையும், குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரமும்தான் காற்றைத் தாங்கும். ஆனி ஆடியில் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை அறியாமல் நட்ட அலங்கார மரங்கள் எத்தனை சாய்ந்து கிடந்தன என்பதை இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உடைமரத்தின் அந்தத் தட்டையான குடையை எந்தச் சிற்பியும் இதைவிட நன்றாக வடித்துவிட முடியாது என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

கோபுரத்துக்குள் ஓவியம், மரத்தில் கூடு

இந்தக் கருத்தைக் கண்ணால் பார்க்க விரும்புபவரை நான் திருப்புடைமருதூருக்கு அனுப்புவேன். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. ஊர்ப்பெயரிலேயே மருதமரம் இருக்கிறது. கோயிலின் தலமரமும் அதுவே. ஐந்து நிலை கோபுரத்தின் உள்ளே ஏறினால் ஒவ்வொரு நிலையிலும் சுவர் முழுவதும் பழைய ஓவியங்கள். புராணக் காட்சிகளும் போர்க்காட்சிகளும் நெருக்கமாக வரையப்பட்டிருக்கும். மரத்தூண்களிலும் விட்டங்களிலும் நுணுக்கமான செதுக்கு வேலை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், ஓங்கி வளர்ந்த மருதமரங்களிலும் இலுப்பை மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் பழந்தின்னி வௌவால்களும் தங்கியிருக்கும். 2005ஆம் ஆண்டில் இந்த இடம் பறவைகளுக்கான பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 7 ஏக்கர்தான். நாட்டிலேயே இந்த வகையில் அறிவிக்கப்பட்ட முதல் இடம் இது.

யாரும் வரைபடம் போட்டு "இங்கே ஓவியம், அங்கே பறவை" என்று திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. ஆனால் ஏன் இது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு வடிவமைப்பாளருக்குத் தேவையான பாடம் முழுவதும் கிடைக்கும். தலமரம் என்பதால் மரத்தில் கோடரி விழவில்லை. ஆகவே கூடு தாங்கும் வயதும் உயரமும் அதற்கு வந்தன. பத்தடி தூரத்தில் ஆறு, கூப்பிடு தூரத்தில் நெல்வயல். ஆகவே குஞ்சுக்கு இரை தேடித் தாய்ப்பறவை நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கூடு இருக்கும் மரத்தடியில் எச்சம் விழும், வெயில் நேரத்தில் வாடை அடிக்கும். ஊரார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். இந்தக் கடைசிச் செய்தியை வடிவமைப்பு நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. உயிர் வரும் இடம் கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும். அதை ஏற்காதவர் ஃபைபர் நாரையை வாங்கி வைத்துக்கொள்வதே மேல்.

ஃபைபர் நாரை என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு குளக்கரையை அழகுபடுத்தியபோது, சரிவாக இருந்த மண்கரையைச் செங்குத்தான கான்கிரீட் சுவராக்கி, கரையோரக் கோரையையும் சம்பையும் வழித்தெடுத்து, கைப்பிடிக் கம்பி போட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டிய நாலைந்து பூநாரைப் பொம்மைகளை நிறுத்திவைத்தார்கள். அதற்கு முந்தின ஆண்டுவரை அதே கரையோரத்தில் உள்ளான்களும் நாமக்கோழிகளும் மேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழகுபடுத்தியவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பறவை பிடிக்கும் என்பதால்தான் பறவைப் பொம்மை வைத்தார்கள். பறவைக்குக் கரை பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதற்கு நேர்மாறானதைப் பார்க்க நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போகலாம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இப்போது உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றுள்ள இந்தக் குளத்தின் பறவைகள், குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை. தெருவுக்குள்ளும் வீட்டுப் புறவாசல்களிலும் நிற்கும் மரங்களிலும் கட்டுகின்றன. மறுபடியும் அதே மூன்று காரணங்கள்தாம்: வெட்டாத மரம், பக்கத்தில் தண்ணீர், பட்டாசு வெடிக்காத ஊர்.

உயிர்களுக்கு என்ன வேண்டும்

ஓர் உயிர் ஓரிடத்தில் தங்குவதற்கு இரை, நீர், மறைவு, குஞ்சு பொரிக்க இடம் என்ற நான்கும் ஒருங்கே வேண்டும். தோட்டம் போடுபவர்கள் இரை என்றதும் பழமரத்தையும் பூச்செடியையும் நினைப்பார்கள். உண்மையில் பெரும்பங்கு வகிப்பது புழுதான். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிபுழுக்களையே ஊட்டும். ஆகவே புழு பிழைக்காத தோட்டத்தில் பறவை விருந்தாளியாக வந்து போகலாமே தவிரக் குடியிருக்காது.

புழு என்றால் எந்தப் புழுவும் எந்த இலையையும் தின்றுவிடாது என்பதை இங்கே சொல்லவேண்டும். வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை முட்டையிடக் குறிப்பிட்ட சில செடிகளையே தேடும். எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையில், சிவந்த உடலும் கருஞ்சிறகும் கொண்ட அழகிய பட்டாம்பூச்சி ஒன்று முட்டையிடும். சரக்கொன்றையிலும் ஆவாரையிலும் மஞ்சளும் வெளிர்பச்சையுமான பூச்சிகள் முட்டையிடும். நம் எல்லார் வீட்டுப் புறவாசலிலும் நிற்கும் கறிவேப்பிலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இலையின் மேற்பக்கத்தில் காக்கை எச்சம் போல, கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சம் அன்று; இளம்புழு. பறவையின் கண்ணுக்குத் தப்ப அது எடுத்த வேடம் அது. சில நாளில் அதே புழு தோல் உரித்து, இலையின் பச்சையாக மாறிவிடும். அப்போது லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு செந்நிறக் கொம்புகளை நீட்டி ஒரு காட்டமான வாடையை வீசும். அதற்கு மேலும் துன்புறுத்தாமல் விட்டால், ஓரிரு வாரத்தில் கூட்டுப்புழுவாகி, பிறகு சிறகு முளைத்துப் போய்விடும். கறிவேப்பிலைச் செடி மறுபடி தழைக்கும். இதை ஒருமுறை பார்த்த வீட்டில் அந்தச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க மனம் வராது.

வடிவமைப்பாளர் இந்த அறிவை வைத்து என்ன செய்யலாம் என்றால், நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கும்போதே புழுவையும் தேர்ந்தெடுக்கலாம். மஞ்சள் நிறப் பட்டை ஒன்று பாதை நெடுக வேண்டும் என்றால் வெளிநாட்டு அலங்காரச் செடியை வைப்பதற்குப் பதிலாக ஆவாரையை வரிசையாக வைக்கலாம். தண்ணீரும் மிச்சம், பூச்சிக்கு இலையும் மிச்சம். சுவரை மறைக்கும் பச்சைத் திரை வேண்டும் என்பவர்கள் நாடெங்கும் கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை நட்டுவிட்டார்கள். அந்த வேலையைச் சற்று மெதுவாக, ஆனால் பூவோடும் பழத்தோடும், நம்மூர்க் கொடிகளும் புதர்களும் செய்யும். மெதுவாக என்பதை மறைக்க விரும்பவில்லை. நாட்டுமரத் தோட்டம் முதல் இரண்டு ஆண்டுகள் பார்க்கப் பரிதாபமாகவே இருக்கும்.

நீரைப் பற்றிச் சொன்னால், ஆழத்தைவிட ஓரமே முக்கியம். உள்ளானுக்கு விரற்கடை ஆழம் போதும். நாரைக்கு அதன் கால் பாதி முங்கும் ஆழம். முக்குளிப்பானுக்கு இன்னும் ஆழம். கரை மெல்லச் சரிந்தால் இத்தனை ஆழங்களும் ஒரே குளத்தில் கிடைத்துவிடும். செங்குத்துச் சுவர் எழுப்பினால் ஒரே ஓர் ஆழம்தான். அதோடு, தவறி விழுந்த தவளைக்கும் அணிலுக்கும் ஏறிவர வழியும் இருக்காது. தூர் எடுக்கும்போது அள்ளும் மண்ணைக் குளத்துக்குள்ளேயே குவித்து, அதில் கருவேலமோ நீர்மருதோ நட்டு விடுவதை நம் பக்கத்தில் குருவித்திட்டு என்பார்கள். அந்தத் திட்டு வட்டமாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிறைபோலவோ சங்குபோலவோ வளைத்தால் கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு மண்சிற்பம். வளைவின் உட்பக்கம் காற்றடங்கிய சிறு குடாபோல் இருப்பதால் பறவைக்குக் கூடுதல் ஓரம். கலையும் வாழிடமும் ஒரே அமைப்பில் சேர்வதற்கு இதைவிடச் செலவு குறைந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

குஞ்சு பொரிக்கும் இடத்தைப் பற்றிப் பேச மொட்டைப்பனையிடம் போகவேண்டும். கொண்டை விழுந்து வெறும் தண்டாக நிற்கும் பனையைப் பட்டுப்போன மரம் என்று சாய்த்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தண்டின் பொந்துகளில் கிளியும் மைனாவும் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் குடியிருக்கும். உயிருள்ள பனையில் தொங்கும் காய்ந்த ஓலையின் அடிப்பக்கத்தில், பனை உழவாரன் தன் எச்சிலால் இறகை ஒட்டி ஒரு சின்னஞ்சிறு கிண்ணம்போல் கூடு கட்டும். ஓலையை அடியோடு கழித்து 'சுத்தமாக' வைத்த பனையில் அதற்கு இடமில்லை. ஒரு வளாகத்தில் பத்துப் பனை இருந்தால் இரண்டை ஓலை கழிக்காமல் விடுவதும், ஒரு மொட்டைப்பனையைத் தூண்போல் நிற்கவிட்டு அதைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்துப் பார்வையிடமாக்குவதும் வடிவமைப்புதான். காற்றில் விழுந்தால் யார்மீதும் விழாத இடமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். ஐயமிருந்தால் தண்டைப் பாதி உயரத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

கலை எங்கே வருகிறது

இவ்வளவும் வாழிடத்தைப் பற்றியது என்றால் கலைஞருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உலகில் இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஃபேர் பார்க் என்ற பூங்காவின் ஏரி, புல்தரைகளுக்குப் போட்ட உரம் மழையில் வழிந்து வந்து பாசி படிந்து, கரையும் அரித்துக் கிடந்தது. 1981இல் பேட்ரிசியா ஜோஹான்சன் என்ற சிற்பியிடம் அந்த வேலை வந்தது. அவர் அந்த ஏரிப் பக்கத்து நீர்ச்செடி ஒன்றின் வேர்களையும் பெரணி ஒன்றின் இலையையும் மாதிரியாகக் கொண்டு, முறுக்கிப் பின்னிய செம்மண் நிறப் பாதைகளை நீருக்குள் அமைத்தார். 1986இல் பணி முடிந்தது. அந்த முறுக்குகள் அலையைத் தடுத்துக் கரையைக் காக்கின்றன. இடையிடையே சிக்கிய ஆழமற்ற நீரில் செடி வளர்ந்து, மீனும் ஆமையும் பறவையும் வந்தன. மேலே குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். சிற்பத்தை எடுத்துவிட்டால் வாழிடமும் போய்விடும்.

இன்னொன்று, வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் ஹெர்பர்ட் பேயர் 1982இல் அமைத்த மண்வேலை. மழைவெள்ளத்தைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க நகரத்துக்கு ஒரு பள்ளம் தேவைப்பட்டது. பேயர் அந்தத் தேவையையே வட்டங்களும் மேடுகளும் வளையங்களுமாக ஆக்கினார். மழையில்லாத நாளில் அது பூங்கா, மழையில் அது குளம். குளத்தையும் மறுகாலையும் மடையையும் ஆயிரம் ஆண்டுகளாக வைத்துப் பிழைக்கும் நாம் இதை வியப்பதைவிட, நம் மடைத்தூணிலும் கரைமேட்டிலும் ஏற்கெனவே இருக்கும் வடிவ அழகைக் கண்டுகொள்வது பயனுள்ளது.

நம் பக்கத்திலேயே கலை எப்படி வாழிடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்குப் பத்தமடை சான்று. அங்கே பாய் நெய்யும் கோரை ஆற்றோரத்திலும் வாய்க்காலோரத்திலும் வளர்வது. அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கீறி நெய்கிறார்கள். கோரைக்கு விலை இருக்கும்வரை கோரைத்திட்டுக்கும் மதிப்பு இருக்கும். கோரைத்திட்டு இருக்கும்வரை அதற்குள் கூடுகட்டும் பறவைகளுக்கு மறைவும் இருக்கும். ஒரே நாளில் முழுவதையும் அறுக்காமல் பகுதி பகுதியாக அறுத்தால் இருசாராருக்கும் குறையில்லை. ஒரு பூங்காவில் கோரை வைத்து, அதன் அறுவடையையே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு கலை நிகழ்வாக்குவது, இன்னும் இங்கே யாரும் செய்யாத, ஆனால் எளிதில் செய்யக்கூடிய ஒன்று.

பொருள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கண்ணாடியும் முகம் தெரியும் எஃகும் பறவைக்குக் கண்ணி. வானமும் மரமும் அதில் தெரிவதை உண்மை என்று நம்பி வந்து மோதும். நைலான் கயிறு, வலை ஆகியவற்றால் செய்த கலைப்பொருள் காலில் சிக்கும். புதுச் சிமெண்டுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. சுண்ணாம்புக் காரம் இறங்கும்வரை பலமுறை நீர் மாற்றவேண்டும். இரவு முழுவதும் சிலைமேல் பாய்ச்சும் வெள்ளை விளக்கு, சுற்றுவட்டத்துப் பூச்சிகளை அழைத்துச் சுற்றவைத்தே கொன்றுவிடும். மாறாக, சாந்து வைக்காமல் அடுக்கிய கல்சுவரின் இடுக்குகளில் அரணையும் பல்லியும் தங்கும். ஒரு பக்கம் அடைத்த மூங்கில் குழல்களை மழை படாத திசையில் கட்டாக வைத்தால் தனித்து வாழும் தேனீக்கள் முட்டையிடும். இரண்டையும் அழகாக அடுக்கலாம். கொத்தனார் கையும் கூடை முடைபவர் கையும் இதற்கு நன்றாகவே உதவும்.

கல்லடுக்கு என்றதும் பாம்பு வருமே என்ற பேச்சு எழும். வரலாம். அதனால் அதை வாசலிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி, வளாகத்தின் கடைசியில் வைக்கவேண்டும். நடக்கும் பாதையின் இருபுறமும் புல்லைத் தெளிவாக வெட்டி வைக்கவேண்டும். அச்சத்தைச் சிரித்து ஒதுக்கிய திட்டங்கள் ஒரே ஆண்டில் மண்ணெண்ணெயாலும் வெட்டுக்கத்தியாலும் முடிந்திருக்கின்றன. கொசு விஷயமும் அப்படியே. பறவைக்கு வைக்கும் தட்டு நீரை இரண்டு நாளுக்கொருமுறை கொட்டி மாற்றினால் கொசு வளர நேரமிருக்காது. குட்டையில் நம் வாய்க்கால் சிறுமீன்களை விட்டால் கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும், தட்டான் இளம்புழுக்களும் பார்த்துக்கொள்ளும்.

அக்கம்பக்கத்தாரின் கண் என்ற ஒன்றும் இருக்கிறது. ஜோன் நாஸாவர் என்ற நிலவடிவமைப்பு ஆய்வாளர் 1990களில் ஒரு பயனுள்ள உண்மையை எடுத்துச் சொன்னார். காடுபோல் வளர்ந்த இடத்தை மக்கள் கவனிப்பாரற்ற இடம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதன் ஓரத்தில் ஒழுங்கின் அடையாளம் ஒன்று, வெட்டிய விளிம்போ வேலியோ பெயர்ப்பலகையோ இருந்தால், உள்ளே எவ்வளவு அடர்ந்தாலும் பார்த்துப் பேணிய இடம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஊரில் அந்த ஒழுங்கின் அடையாளத்துக்குக் காவி வெள்ளைப் பட்டை அடித்த ஒரு திண்டு போதும். கலைஞரின் பெரும்பங்கு இந்தச் சட்டகத்தைச் செய்வதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உள்ளே இருப்பதைச் செடியும் புழுவும் பார்த்துக்கொள்ளும்.

தொடங்குவதற்கு

நடுவதற்குப் புரட்டாசி கடைசியும் ஐப்பசியும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை வேரூன்ற வைத்துவிடும். நீர்ப்பறவைகள் பெரும்பாலும் தை முதல் ஆனி வரை கூட்டில் இருப்பதால், கிளை கழிப்பதும் தூரெடுப்பதும் அதற்கு வெளியே இருக்கவேண்டும். சீமைக்கருவேலத்தை எடுக்க விரும்பினால் வேரோடு எடுக்கவேண்டும். வெட்டிவிட்டால் மும்மடங்காகத் துளிர்க்கும். ராஜஸ்தானின் ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையடியில் பாறை நிலத்தை மீட்ட இயற்கை எழுத்தாளர் பிரதீப் கிருஷனும் குழுவும் 2006இல் தொடங்கிய வேலையின் பெரும்பகுதி, பாறைக்குள் இறங்கிய அதன் வேரைக் கெல்லி எடுப்பதாகவே இருந்தது. ஆனால் நம் குளங்களில் சீமைக்கருவேலத்தின்மேலும் பறவைகள் கூடு கட்டியிருக்கும். பக்கத்தில் நட்ட நாட்டுமரம் கூடு தாங்கும் வரை பொறுத்து, படிப்படியாகத்தான் எடுக்கவேண்டும். உங்கள் ஊர்க்குளத்துக்கு என்னென்ன பறவை வருகிறது என்று அறிய, 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஒரு நாள் போய் நின்றால் போதும். புத்தகத்தில் ஒரு மாதம் படிப்பதைவிட அதிகம் தெரியும்.

எங்கள் புறவாசலில் ஒரு பூவரசு இரண்டு ஆண்டுக்கு முன் பட்டுவிட்டது. அடியில் வெட்டாமல், கிளைகளைக் குறைத்து ஆளுயரத்துக்கு மேல் நிற்கவிட்டு, தண்டில் மேலிருந்து கீழாக ஒரு கொடியைச் செதுக்கலாம் என்று தெரிந்த ஆசாரி ஒருவரிடம் சொல்லியிருந்தேன். அவர் வருவதற்குள் மாசி பிறந்துவிட்டது. கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே மேலே பார்த்தவர், மிச்சமிருந்த ஒரு காய்ந்த கிளையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். எலுமிச்சம்பழம் நுழையும் அளவில், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் ஒரு வட்டத் துளை. அதன் விளிம்பில் இன்னும் புது மரத்தின் வெளுப்பு. சற்று நேரத்தில் செம்மார்புக் குக்குறுவான் ஒன்று உள்ளிருந்து தலையை நீட்டி, அலகு நிறைய மரத்தூளை உதறிவிட்டு மறுபடி உள்ளே போனது. "அண்ணாச்சி, நமக்கு முன்னாலயே ஒரு ஆசாரி வேலைய ஆரம்பிச்சிட்டாரு," என்றவர், போட்ட கோட்டைத் துணியால் அழித்துவிட்டு, உளியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொடியை அடித்தண்டில் மூன்றடி உயரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்றும், குஞ்சு பறந்த பிறகு சித்திரை கழித்து வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.